சராசரி கடைசியில் வரட்டும்: இராமநாதபுரம் கடற்கரை வடிநிலத்துக்கு நீர்க் கணக்கு எழுதும் முறை

ஒரு நிலப்பரப்பில் பெய்யும் மழை எவ்வளவு, அதில் ஆவியாகிப் போவது எவ்வளவு, ஓடிக் கடலைச் சேர்வது எவ்வளவு, மண்ணுக்குள் இறங்கித் தங்குவது எவ்வளவு என்று பல ஆண்டுகளுக்குச் சேர்த்து மதிப்பிடுவதே நீண்டகால நீர் வரவு செலவுக் கணக்கு. இராமநாதபுரம் நகரின் விளிம்பில் புதிய குடியிருப்புகள் பரவிவரும் பகுதி ஒன்றை எடுத்துக்கொண்டு, அக்கணக்கை எப்படி எழுதுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இந்தக் கடற்கரையில் வழக்கமான சூத்திரங்களை அப்படியே போட்டால் விடை தவறாக வரும். அது ஏன் தவறாகிறது என்பதைப் புரிந்துகொண்டாலே கருத்து முழுவதும் பிடிபட்டுவிடும்.

கணக்கின் அடிப்படை ஒரே வரிதான். மழையும் வெளியிலிருந்து வரும் நீரும் சேர்ந்தது வரவு. ஆவியாதலும் செடிகொடிகளின் நீராவிப்போக்கும் சேர்ந்த ஆவிச்செலவு, ஓடை வழியாக வெளியேறுவது, நிலத்தடியில் வெளியேறுவது ஆகிய மூன்றும் செலவு. வரவுக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாடு, கண்மாயிலும் மண்ணிலும் நிலத்தடியிலும் உள்ள இருப்பின் ஏற்ற இறக்கமாக வெளிப்படும். நீர் இங்கே தானாக உண்டாவதுமில்லை, மறைவதுமில்லை என்பதால் இந்தச் சமன்பாடு எந்த ஆண்டிலும் பொய்க்காது. பொய்ப்பது நாம் அதில் இடும் எண்கள்தான்.

எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எழுதுவது நல்லது. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தின் மேல் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நின்ற நீரின் அளவு 1,000 கன மீட்டர், அதாவது 10 இலட்சம் லிட்டர். நாம் எடுத்துக்கொள்ளும் வடிநிலம், அதாவது மழைநீர் ஒரே பக்கமாக வடிந்து சேரும் நிலப்பரப்பு, 100 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு இலட்சம் கன மீட்டராகும். மழை, ஆவி, குழாய் நீர், கிணற்று நீர் என்று வெவ்வேறு அலகில் கிடைக்கும் எல்லாத் தகவல்களையும் இப்படி ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எது பெரிது, எது சிறிது என்பது கண்ணுக்குத் தெரியும்.

எல்லையை வரைவது முதல் வேலை. மலைநாட்டில் முகடுகளைப் பார்த்து வடிநிலத்தின் எல்லையை வரைந்துவிடலாம். இங்கே நிலம் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்திலேயே பரந்து கிடக்கிறது. செயற்கைக்கோள் தரும் உயர வரைபடங்களின் பிழையே பல இடங்களில் நிலத்தின் ஏற்றத்தாழ்வை விடப் பெரிது. எனவே கணினி வரைந்து தரும் எல்லையை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. கண்மாய்க் கரை, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால், நெடுஞ்சாலை மேடு, இரயில் பாதையின் மண்கரை ஆகியவைதான் நீர் எந்தப் பக்கம் போகும் என்பதை இங்கே தீர்மானிக்கின்றன. ஒரு கண்மாய் நிறைந்து வழியும் மறுகால் அடுத்த கண்மாய்க்கு வரத்தாகும் தொடர் அமைப்பு என்பதால், மழை பெய்யும்போது வரத்துக்கால்களின் ஓரமாக நடந்து பார்த்தவர்களின் சொல்லுக்கு வரைபடத்தை விட அதிக மதிப்புத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வரவில் பெரியது மழை. இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 827 மில்லிமீட்டர்; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே மழை இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். 2024 நவம்பர் 20ஆம் நாளையொட்டிப் பெய்த பெருமழையில் இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. அது சராசரி ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி. அதே நாளில் இராமநாதபுரம் நகரில் பதிவானது அதைவிட மிகக் குறைவு. ஆகவே இராமேசுவரத் தீவிலுள்ள பாம்பன் மழைமானி ஒன்றை மட்டும் வைத்து நகர விளிம்பு வடிநிலத்தின் வரவை எழுதினால், தொடக்கத்திலேயே கணக்கு கோணிவிடும். சுற்றியுள்ள மழைமானிகள் ஒவ்வொன்றுக்கும் அருகிலிருக்கும் நிலப்பரப்பைப் பிரித்துக் கொடுத்து, அந்தப் பரப்பின் விகிதப்படி சராசரி காண்பதே எளிமையான முறை.

வெளியிலிருந்து வரும் நீர் இரண்டு வகை. ஒன்று வைகை. 1895 முதல் பெரியாற்று அணையின் நீரும் வைகைப் படுகைக்குத் திருப்பப்படுகிறது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை அதைத் தேக்கி முறைப்படுத்துகிறது. பார்த்திபனூர் மதகணையில் இடது, வலது பிரதானக் கால்வாய்களாகப் பிரிந்து, எஞ்சியது இராமநாதபுரம் பெரிய கண்மாயை வந்தடைகிறது. நம் வடிநிலத்தில் பெய்யாத மழை இது என்பதால், மழையோடு சேர்க்காமல் தனி வரவாக எழுத வேண்டும். மற்றொன்று காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் நீர். ஒரு இலட்சம் பேர் வாழும் பகுதியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வந்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் கன மீட்டர் ஆகும். நம் 100 சதுர கிலோமீட்டருக்கு அது 20 மில்லிமீட்டர். மழையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. ஆனாலும் இந்த 20 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் அது பெரிதாகத் தெரியும்.

இனி ஆவிச்செலவு. இந்தக் கணக்கின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். நிலத்தில் நீர் தட்டுப்பாடின்றி இருந்தால் வெயிலும் காற்றும் எவ்வளவு நீரை எடுத்துக்கொள்ளும் என்பதை உச்ச ஆவித்தேவை என்று அழைக்கலாம். வெப்பம், ஈரப்பதம், காற்று, சூரிய ஒளி ஆகியவற்றைக் கொண்டு அதைக் கணக்கிடும் வழியைப் பென்மன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1948இல் வகுத்தார். நம் கடற்கரையில் அது ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டரைத் தாண்டும். பெய்யும் மழையோ 827. தேவை வரவை விட மிகுதியாக இருப்பதால், உண்மையில் ஆவியாவது எவ்வளவு என்பதைத் தேவையும் மழையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

உண்மை ஆவிச்செலவை ஆண்டு மழையையும் சராசரி வெப்பநிலையையும் மட்டும் கொண்டு மதிப்பிட, டர்க் என்ற பிரெஞ்சு அறிஞர் 1954இல் ஒரு சூத்திரம் தந்தார். அதில் மழைக்கு 827 மில்லிமீட்டரையும் வெப்பநிலைக்கு 28 பாகை செல்சியசையும் இட்டால், ஆவிச்செலவு சுமார் 805 மில்லிமீட்டர் என்று விடை வருகிறது. மிச்சம் 22 மில்லிமீட்டர். கண்மாய்க்கு ஓடிவருவது, கிணற்றுக்கு ஊறுவது, கடலுக்குப் போவது எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான் என்கிறது சூத்திரம். குழாய் வழியே வரும் காவிரி நீரின் அளவும் ஏறத்தாழ இதேதான்.

இந்த விடை உண்மையானால் இராமநாதபுரத்தில் கண்மாய்களே இருந்திருக்க முடியாது. நூற்றுக்கணக்கான கண்மாய்களை, இப்பகுதியை ஆண்ட சேதுபதி மன்னர்களின் காலத்துக்கு முன்னும் பின்னும் வெட்டி, அவற்றின் கீழ் நெல் விளைத்த மக்கள் ஆண்டுக்கு 22 மில்லிமீட்டரை நம்பி அந்தக் கரைகளைக் கட்டியிருக்க மாட்டார்கள். சூத்திரம் பிழையானதன்று, மழை ஆண்டு முழுவதும் பெய்வதைப் போலவும் வெயில் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் காய்வதைப் போலவும் அதற்குள் நாம் எண்களைத் திணித்ததால் வந்த கோளாறு இது. இங்கே மழை மூன்று மாதத்தில் கொட்டுகிறது. ஆவியோ பன்னிரண்டு மாதமும் கேட்கிறது. கார்த்திகை மாதத்து மழையைச் சித்திரை வெயில் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது.

எனவே கணக்கை மாதவாரியாக எழுத வேண்டும். தார்ன்த்வைட், மாதர் என்ற அமெரிக்க அறிஞர்கள் இருவரும் 1955இல் வெளியிட்ட முறை இதற்குப் போதும். அதைச் செய்து காட்ட, எளிமைக்காக நானே அமைத்துக்கொண்ட எண்களைத் தருகிறேன். அக்டோபரில் 170, நவம்பரில் 210, டிசம்பரில் 120 என்று மூன்று மாதத்தில் 500 மில்லிமீட்டர் மழை. அம்மாதங்களின் உச்ச ஆவித்தேவை முறையே 130, 100, 95. வேர் எட்டும் ஆழம் வரை மண் 100 மில்லிமீட்டர் நீரைப் பிடித்து வைக்கும் என்றும், கோடை முடிவில் அந்த மண் முற்றிலும் காய்ந்து கிடக்கிறது என்றும் கொள்வோம். அக்டோபரில் மிஞ்சும் 40ஐ மண் குடித்துவிடும். நவம்பரில் மிஞ்சுவது 110. அதில் 60 மண்ணை நிறைக்கும், 50 வழிந்தோடும். டிசம்பரில் மண் நிறைந்தே இருப்பதால் மிஞ்சும் 25 முழுவதும் வழிந்தோடும். ஆக மொத்தம் 75 மில்லிமீட்டர், அதாவது 75 இலட்சம் கன மீட்டர் நீர் கண்மாய்க்கும் நிலத்தடிக்கும் கிடைக்கிறது. மண்ணில் தங்கிய 100 மில்லிமீட்டரில் பெரும்பகுதியை நெற்பயிர் தையில் எடுத்துக்கொள்ளும். எஞ்சியதில் மிளகாயும் பருத்தியும் பிழைக்கும். மற்ற ஒன்பது மாதங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெய்யும் மழை, சில நாட்களிலேயே ஆவியாகிவிடும் என்பதால் மிச்சக் கணக்கில் வராது. ஆண்டு எண்களை மட்டும் பார்த்தபோது 22 என்றிருந்த மிச்சம், மாதங்களைப் பிரித்ததும் மூன்று மடங்குக்கு மேலாகிவிட்டது.

இதோடு நிற்கக் கூடாது. இந்தக் கடற்கரையில் ஒரு ஆண்டைப் போல மற்றொரு ஆண்டு இருப்பதில்லை. மேலே சொன்ன ஆண்டை நடுத்தர ஆண்டு என்று வைத்துக்கொண்டு, நவம்பர் மழை 150 மில்லிமீட்டர் குறைந்துபோன ஆண்டு ஒன்றையும் அதே அளவு கூடிய ஆண்டு ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். குறைந்த ஆண்டில் மண்ணே நிறையாது, மிச்சம் சுழியம். கூடிய ஆண்டில் அதிகமாகப் பெய்த 150 மில்லிமீட்டர் முழுவதும் வழிந்தோடுவதால் மிச்சம் 225. மூன்று ஆண்டுகளின் மழைச் சராசரி மாறவேயில்லை. ஆனால் மிச்சங்களின் சராசரி 75 அன்று, 100. மழையைச் சராசரி ஆக்கிவிட்டுப் பிறகு கணக்குப் போட்டால், வடிநிலத்தின் நீரில் கால் பங்கு காகிதத்திலேயே காணாமல் போகிறது. நான் இக்கட்டுரையை எழுதுவதற்கு முதன்மையான காரணமே இதுதான்: ஒவ்வொரு ஆண்டுக்கும் தனித்தனியே மாதக் கணக்கு எழுத வேண்டும், கிடைக்கும் விடைகளுக்குத்தான் சராசரி காண வேண்டும். உலக வானிலை அமைப்பு காலநிலைச் சராசரிக்குக் கொள்ளும் 30 ஆண்டுக் காலம் இதற்குப் பொருத்தமானது. இப்போது பயன்பாட்டில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான காலம்.

ஆண்டை எங்கே தொடங்குவது என்பதும் சிறிய விஷயமன்று. ஜனவரியில் தொடங்கினால் கண்மாய் நிறைந்திருக்கும் நேரத்தில் கணக்கை வெட்டுகிறோம். ஒரு பருவத்து நீர் இரண்டு ஆண்டுகளில் சிதறும். இந்தியாவில் நீர் ஆண்டு வழக்கமாக ஜூனில் தொடங்கும்; வருவாய்த் துறையின் பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கும். தென்மேற்குப் பருவம் பெரிதாக நனைக்காத இக்கடற்கரைக்கு அக்டோபர் முதல் செப்டம்பர் வரை என்று கொள்வதே நல்லது. செப்டம்பர் இறுதியில் பெரும்பாலான கண்மாய்கள் வறண்டு, மண்ணும் காய்ந்திருப்பதால், இருப்பு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்று துணிந்து எழுதலாம். 30 ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்த்தால் இருப்பின் மாற்றம் மிகச் சிறிதாகிவிடும் என்று பாடநூல்கள் சொல்வது பொதுவாகச் சரியே. கிணறுகளின் நீர்மட்டம் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருந்தால் மட்டும் அது பொருந்தாது. நீர்மட்டம் 30 ஆண்டுகளில் 3 மீட்டர் இறங்கி, அந்த மண்ணின் நீர் தரும் திறன் நூற்றுக்குப் பத்து என்றால், இழந்தது 300 மில்லிமீட்டர், ஆண்டுக்கு 10. சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்த அந்தப் பத்தைக் காட்டாமல் விட்டால், கணக்கு சமமானதுபோலத் தோற்றமளிக்கும்.

இனி நகர விளிம்பு என்பதால் வரும் மாற்றம். வயலாகவும் தரிசாகவும் இருந்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூரையாகவும் தார்ச்சாலையாகவும் காங்கிரீட்டாகவும் மாறியது என்று கொள்வோம். அந்தப் பரப்பில் மண் குடிப்பதற்கு இடமில்லை. ஆண்டு மழையைச் சுமார் 800 மில்லிமீட்டர் என்று கொண்டு, அதில் 60 விழுக்காடு ஓடிவிடும் என்று வைத்தால் 480 மில்லிமீட்டர். முழு வடிநிலத்துக்கும் பரப்பிச் சொன்னால் 96. மாறாத நான்கு பங்கு நிலத்திலிருந்து, நடுத்தர ஆண்டில், 60. ஆக 75ஆக இருந்த ஓட்டம் 156ஆகி, இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. வீடுகள் பெருகினால் நீர் குறையும் என்ற பொது எண்ணத்துக்கு மாறாக, ஓடும் நீர் கூடுகிறது. குறைவது ஆவிச்செலவும் மண்ணின் ஈரமும்தான். கூரைநீர் பக்கத்து மணலில் விழுந்து இறங்கிவிடும் வீடுகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வடிகாலோடு நேரடியாக இணைந்த பரப்பையே எண்ண வேண்டும்.

கூடுதலாக ஓடும் அந்த நீர் எங்கே போகிறது என்பதைச் சூத்திரம் சொல்லாது. வரத்துக்கால் தூர்ந்தோ மனைகளாகவோ போயிருந்தால், அது தெருக்களில் நின்றுவிட்டுக் கடைசியில் கடலுக்குப் போகும். வரத்துக்கால் திறந்திருந்தால் கண்மாய்க்கு வரும். நகரை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாய் பறவைகள் சரணாலயம். 2025இல் அது, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய ஒரு நீர்நிலைக்குச் சுற்றுப்புறக் குடியிருப்புகளின் ஓட்டநீர் வந்து சேர்கிறதா, சேர்ந்தால் எவ்வளவு தூய்மையாக என்ற கேள்வியை இந்தக் கணக்கு இல்லாமல் கேட்கக்கூட முடியாது. குழாய் நீரின் பங்கும் இங்கேதான் வருகிறது. வீட்டுக்கு வரும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்புகிறது என்பது பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் அளவு. 20 மில்லிமீட்டரில் 16 கழிவுநீர்த் தொட்டிகள் வழியாக நிலத்துக்குள் இறங்குகிறது. ஆண்டு முழுவதும் சீராக இறங்குவதால், கோடையில் நிலத்தடிக்குக் கிடைக்கும் ஒரே வரவு பல தெருக்களில் அதுவாகவே இருக்கும். அதன் தரம் வேறு கவலை.

நிலத்தடி நீரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடலோர மணலில் நன்னீர், அடியில் உள்ள உவர்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் ஆகியோர் கண்ட விகிதம். மேலே அரை மீட்டர் குறைந்தால் கீழே 20 மீட்டர் உவர் ஏறிவரும். இந்த நன்னீர் ஓயாமல் கடலை நோக்கிக் கசிகிறது. தங்கச்சிமடத்தை அடுத்த வில்லூண்டித் தீர்த்தத்தில் கடலுக்குள் நன்னீர் ஊறுவதை இன்றும் பார்க்கலாம். கணக்கில் அது செலவாகத்தான் எழுதப்படும். ஆனால் அந்தச் செலவைத் தடுத்து முழுவதையும் ஆழ்துளைக் கிணறுகளால் எடுத்துவிடலாம் என்று நினைத்தால், உவர்நீரைத் தள்ளி நிறுத்தும் விசையையே எடுத்துவிடுகிறோம். கடற்கரை வடிநிலத்தில் கடலுக்குப் போகும் நீர் எல்லாம் வீண் என்று எழுதுபவர்களின் கணக்கை நான் ஏற்பதில்லை.

இவ்வளவும் மதிப்பீடுதான், சரிபார்க்க நேரடி அளவு ஒன்று வேண்டும். மழைமானியில் நூற்றுக்கு ஐந்து பிழை இருந்தாலே 40 மில்லிமீட்டர் ஆகும். கடற்காற்றில் மழைமானி குறைத்துக் காட்டுவது இயல்பு. மிச்சமே 100தான் எனும்போது 40 பெரும்பிழை. மழையிலிருந்து ஆவியைக் கழித்து மட்டுமே மிச்சத்தைக் கண்டால், எல்லாப் பிழைகளும் அந்த மிச்சத்தின் தலையில் வந்து ஏறும். சீமைக் கருவேலம் மண்டிய நிலத்தில் வேர் ஆழமாக இறங்குவதால், 100 மில்லிமீட்டர் என்ற மண்ணிருப்பும் பொருந்தாமல் போகலாம்.

நல்வாய்ப்பாக, ஓட்டத்தை அளக்கும் கருவி இங்கே ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. கண்மாயின் நீர்மட்டத்தை நாள்தோறும் குறித்துவந்தால், எந்த மட்டத்தில் எவ்வளவு நீர் நிற்கும் என்று காட்டும் கொள்ளளவு அட்டவணையைக் கொண்டு, சேர்ந்த நீர் தெரியும். மறுகால் பாயும் நாட்களில், நீர் வழிந்தோடும் கல்சுவரான கலுங்கின் மேல் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்தால் வெளியேறுவதும் தெரியும். கலுங்கின் நீளத்தை மீட்டரில் எடுத்து, மீட்டரில் எடுத்த நீர் உயரத்தின் 1.5 என்ற அடுக்குக்குறி மதிப்பால் பெருக்கி, 1.7 போன்ற ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். 20 மீட்டர் நீளமுள்ள கலுங்கில் 30 சென்டிமீட்டர் உயரம் நீர் பாய்ந்தால், விநாடிக்கு ஏறத்தாழ 5.6 கன மீட்டர். ஒரு நாள் முழுவதும் அப்படியே பாய்ந்தால் 4.8 இலட்சம் கன மீட்டர், அதாவது நம் வடிநிலத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர். மடை வழியே வயலுக்குத் திறந்த நீரையும், நாளுக்கு 4, 5 மில்லிமீட்டர் என்ற அளவில் நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாவதையும், வைகையிலிருந்து வந்ததையும் கூட்டிக் கழித்தால், வடிநிலம் உண்மையில் தந்த நீர் கிடைத்துவிடும்.

மாதக் கணக்கு 100 என்றும் கண்மாய் அளவு 60 என்றும் சொன்னால், விடுபட்ட 40 மில்லிமீட்டர் கரைக்கு அடியில் கசிகிறதா, எல்லை தவறாக வரையப்பட்டதா, மண்ணின் இருப்பைக் குறைத்து மதிப்பிட்டோமா, ஏதேனும் வரத்துக்கால் வேறு பக்கம் திரும்பிவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அதற்கு முன் கொள்ளளவு அட்டவணையையே சோதிப்பது நல்லது. பல கண்மாய்களுக்கு அது பழைய அளவீடு; நீர் தேங்கும் உட்பரப்பான உள்வாயில் வண்டல் ஏறிய பிறகு அதே நீர்மட்டம் குறைந்த நீரையே குறிக்கும். செப்டம்பரில் கண்மாய் வறண்டு கிடக்கும் வாரங்களில் உள்வாயின் மட்டத்தைப் புதிதாக எடுத்து அட்டவணையைத் திருத்திவிட்டால், அக்டோபர் முதல் நாளிலிருந்து எழுதும் எண்களை நம்பலாம்.